பிரீசர் அறைக்கு அடியில் ஒரு ஹீட்டர்: கவனிக்காவிட்டால் தரை எழும்பும்

மளிகைக் கடையில் குளிர்சாதனம் என்றால் ஒரு காலத்தில் பால் பாக்கெட்டும் குளிர்பானமும் வைக்கும் ஒரு பெட்டிதான். இன்று நிலைமை வேறு. வாலாஜாபாத்திலும் சுற்று வட்டாரத்திலும் உறைய வைத்த பட்டாணி, பரோட்டா, மீன் துண்டு, உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ்கிரீம் என்று கேட்டு வருவோர் தினமும் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதித் தொழிற்சாலைகளும் அவற்றைச் சார்ந்த கேன்டீன்களும் விடுதிகளுமே இதற்குக் காரணம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இத்தனை பேருக்குச் சமைக்கும் இடங்களில் பட்டாணியை உரித்துக்கொண்டா இருப்பார்கள்?

ஆகவே நம் மொத்த வியாபாரிகளில் சிலர் சொந்தமாகப் பிரீசர் அறை கட்டவோ, இருக்கும் கிடங்கை அப்படி மாற்றவோ, ஒன்றை வாடகைக்கு எடுக்கவோ யோசிக்கிறார்கள். கம்ப்ரசர் எந்தக் கம்பெனி, சுவர்த் தகடு எத்தனை அங்குலம், ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ. என்றெல்லாம் பத்து பேரிடம் விசாரிக்கிறார்கள். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவரைக் காண்பது அரிது. அங்கே ஒரு ஹீட்டர் இருக்க வேண்டியிருக்கலாம் என்று சொன்னால் சிரிக்கவும் செய்கிறார்கள். பணம் கொட்டிக் குளிரூட்டும் அறைக்கு அடியில் மறுபடி பணம் கொட்டிச் சூடேற்றுவதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலையும், அந்த ஹீட்டர் பழுதானால் கண்டுபிடிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி என்பதையும் இங்கே பார்ப்போம்.

மண் எப்படி உறைகிறது

உறைந்த உணவுப் பண்டங்களை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்திருக்க வேண்டும். நம் பகுதியில் தரைக்குக் கீழே சில அடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28, 29 டிகிரி. அறை மைனஸ் 20-ல் ஓடினால் மேலும் கீழும் கிட்டத்தட்ட 48 டிகிரி வித்தியாசம். நடுவில் இருப்பது இன்சுலேஷன் மட்டுமே. எவ்வளவு நல்ல இன்சுலேஷன் போட்டாலும் அது வெப்பத்தை அடியோடு நிறுத்தாது. போகும் வேகத்தைக் குறைக்கும். ஆறு அங்குல பஃப் தகடு போட்ட தரையிலும் ஒரு சதுர மீட்டருக்கு ஏழு வாட் அளவுக்கு வெப்பம் மண்ணிலிருந்து மேலே இழுக்கப்படலாம். இரவு பகல் பாராமல் இது நடக்கிறது. மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்கிறது.

மண்ணின் வெப்பம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் அதிலுள்ள ஈரம் உறையத் தொடங்கும். தண்ணீர் பனிக்கட்டியானால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அது மட்டும் நடந்தால் பெரிய ஆபத்து இல்லை. உண்மையான தொல்லை வேறு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, உறைந்த இடம் கீழேயுள்ள ஈர மண்ணிலிருந்து மேலும் மேலும் நீரை உறிஞ்சும். வந்த நீரும் அங்கேயே உறையும். இப்படி மண்ணுக்குள் பனிக்கட்டி அடுக்கடுக்காகத் தடித்துக்கொண்டே போகும். மேலேயுள்ள கான்கிரீட்டையும், அதன் மேல் அடுக்கியிருக்கும் டன் கணக்கான சரக்கையும் அது தூக்கிவிடும்.

எல்லா மண்ணும் ஒன்றல்ல. பருமணலில் நீர் இப்படி ஏறாது. வண்டல் மண்ணிலும் வண்டல் கலந்த களியிலும்தான் இந்தத் தொல்லை மிகுதி. நமக்கு ஒரு பக்கம் பாலாற்று மணல், மறுபக்கம் தென்னேரி போன்ற ஏரிகளின் பாசனத்தில் இருந்த நிலங்கள். ஏரிப் பாசன வயலை மனையாக்கிக் கிடங்கு கட்டியிருந்தால் அடியில் என்ன மண் என்பதைக் கேட்டே ஆகவேண்டும். 2015 டிசம்பர் மழையையும், 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதையும் பார்த்தவர்களுக்கு, நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேட்டைத் தடுக்கத்தான் இன்சுலேஷனுக்குக் கீழே சிறிது சூடு கொடுக்கிறார்கள். அறையைச் சூடாக்குவது நோக்கமல்ல. அறை மண்ணிடமிருந்து இழுத்துக்கொண்ட வெப்பத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்து, அங்கே நாலைந்து டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம். பனிச்சறுக்கு விளையாட்டு அரங்குகளின் பனித்தளத்துக்கு அடியிலும் இதே காரணத்துக்காகச் சூடு கொடுப்பது உண்டு.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புளி, மிளகாய், பருப்பு, உருளைக்கிழங்கு போன்றவற்றை வைக்கும் குளிர்பதனக் கிடங்கு பூஜ்யத்துக்கு மேலேதான் ஓடுகிறது. அங்கே மண் உறைய வழியே இல்லை. அத்தகைய கிடங்குக்குத் தரை ஹீட்டர் போடச் சொல்லி யாரேனும் மதிப்பீடு கொடுத்தால் அவரை வழியனுப்பிவிடலாம். மாடியிலுள்ள பிரீசர் அறைக்கும், அடியில் ஆள் புகுந்து வரும் அளவுக்குக் காற்றோட்டம் உள்ள அறைக்கும் தேவையில்லை. கடையில் வைக்கும் டீப் பிரீசர் பெட்டி கால்களின் மேலோ சக்கரத்தின் மேலோ நிற்கிறது. அதற்கும் இந்தப் பேச்சு இல்லை.

மண்ணின் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும் மைனஸ் அறைகளுக்கு மட்டுமே இந்தக் கவலை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் மண் இயல்பாகவே சூடானது. அறை சிறியதாக, அதாவது இருபதடிக்கு முப்பதடி அளவில் இருந்து, தரையில் ஆறு அங்குல இன்சுலேஷன் ஒழுங்காகப் போட்டிருந்தால், நாலு பக்கத்திலிருந்தும் வரும் மண்ணின் சூடே நடுப்பகுதியை உறையாமல் காப்பாற்றிவிடக் கூடும். ஒப்பந்தக்காரர்கள் "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் வேண்டாம் சார்" என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கணக்கு மூன்று இடங்களில் உதைக்கும். அறை அகலமாக ஆக, பக்கத்து மண்ணின் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. ஆறு அங்குலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று அங்குலம் போட்டால் கணக்கு தலைகீழாகும். இன்சுலேஷனுக்குக் கீழே ஈரம் தடுக்கும் தாள் சரியாகப் போடாவிட்டால் சில ஆண்டுகளில் இன்சுலேஷனே ஈரம் குடித்துவிடும். நனைந்த கம்பளி குளிர் தாங்காது.

ஆகவே நமது கருத்து இது: சிறிய அறையானால் கீழே காற்றுப் போக வழிவிட்டுக் கட்டுங்கள்; அதுவே போதும். பெரிய அறையானால் தரைச் சூட்டையோ காற்றுக் குழாயையோ விட்டுக்கொடுக்காதீர்கள். எந்த அளவானாலும் தரைக்கு அடியில் ஒரு வெப்பமானி உணரியைக் கட்டும்போதே புதைத்துவிடுங்கள். பின்னால் புதைக்க நினைத்தால் தரையைத் துளைக்க வேண்டிவரும்.

கொரியர்கள் படித்த பாடம்

நம் பகுதியில் கொரிய எழுத்துப் பலகைகள் இப்போது புதுமையல்ல. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்நாட்டவர் இங்கே வந்து போகிறார்கள். அவர்களுக்கென்று சரக்கு பிடிக்கும் கடைக்காரர்களும் உண்டு. தரையைச் சூடாக்குவது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். ஒண்டோல் என்பார்கள். பழைய வீடுகளில் சமையலறை அடுப்பின் புகையைத் தரைக்கு அடியிலுள்ள கால்வாய்கள் வழியாகச் செலுத்தி, மறு கோடியில் புகைபோக்கியில் விட்டார்கள். பிற்காலத்தில் நிலக்கரி உருண்டைகளை எரித்தபோது, தரை விரிசல் வழியாக நச்சுவாயு அறைக்குள் கசிந்து தூக்கத்திலேயே பலர் இறந்தார்கள். இன்று அங்கே பெரும்பாலும் தரைக்குள் வெந்நீர்க் குழாய்தான்.

அவர்கள் வீட்டில் குழாய் கசிந்தால் எடுத்தவுடன் தரையை உடைப்பதில்லை. ஒவ்வோர் அறைக்கும் போகும் குழாய் ஒரே இடத்திலிருந்து பிரியும். அங்கே ஒவ்வொரு வால்வாக மூடி, எந்தக் கிளையில் அழுத்தம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். கிளை தெரிந்தபின் அதற்குள் காற்றையோ வாயுவையோ செலுத்தி, சத்தத்தாலோ வாயு உணரும் கருவியாலோ இடத்தைப் பிடிக்கிறார்கள். கடைசியில் ஒன்றிரண்டு ஓடுகளை மட்டும் பெயர்க்கிறார்கள். முதலில் பிரித்துப் பார், பிறகு அள, கடைசியில் உடை என்ற இந்த வரிசை நம் பிரீசர் தரைக்கும் பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம். வீட்டில் குழாய்க்கு மேலே ஓடு மட்டும்தான். வெப்பம் காட்டும் கேமராவைப் பிடித்தால் குழாய் ஓடும் பாதை பளிச்சென்று தெரியும். பிரீசர் அறையில் ஹீட்டருக்கு மேலே அரையடி இன்சுலேஷன் இருக்கிறது. உள்ளே கேமராவைப் பிடித்து "ஒன்றும் தெரியவில்லை, ஹீட்டர் செத்துவிட்டது" என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

மின்கம்பி ஹீட்டர்: பழுது பார்க்கும் வழி

நடைமுறையில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. மின்சாரக் கம்பி ஹீட்டர், கிளைக்கால் கலந்த நீர் ஓடும் குழாய், வெறும் காற்றுக் குழாய். மின்கம்பியிலிருந்து தொடங்குவோம். கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது இதுதான்.

நாற்பதடிக்கு அறுபதடி அறை என்று வைத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 12 வாட் வீதம் போட்டால் ஏறத்தாழ 2,700 வாட். இதை 450 வாட் வீதம் ஆறு கிளைகளாகப் பிரித்திருப்பார்கள். 230 வோல்ட்டில் ஒரு கிளை இழுப்பது சுமார் 2 ஆம்பியர்; ஆறும் சேர்ந்து 11.7 ஆம்பியர். நாள் முழுக்க விடாமல் ஓடினாலும் 65 யூனிட்தான். தெர்மோஸ்டாட் இடையிடையே நிறுத்துவதால் அவ்வளவுகூட ஆகாது.

இந்த எண்களைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். எலக்ட்ரீஷியனை டாங் டெஸ்டருடன் வரச் சொல்லுங்கள். கம்பியை அறுக்காமல், சுற்றிப் பிடித்தே ஆம்பியர் காட்டும் கருவி அது. முதலில் தெர்மோஸ்டாட்டைத் திருப்பி ஹீட்டரை ஓட வையுங்கள். இதைச் செய்யாமல் பூஜ்யம் காட்டுகிறது என்று பதறுவோர் பலர். மண் போதிய சூட்டில் இருந்தால் ஹீட்டர் ஓய்வில் இருக்கும், பூஜ்யம்தான் காட்டும். ஓடவிட்ட பிறகு ஒவ்வொரு கிளையாகப் பிடித்துப் பாருங்கள். ஐந்து கிளை 2 ஆம்பியரும் ஒன்று பூஜ்யமும் காட்டினால், அந்த ஒன்றில் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது இணைப்புப் பெட்டியில் திருகு தளர்ந்திருக்கிறது. பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். ஈரமும் எறும்பும் சேர்ந்து இணைப்பை அரித்திருப்பதைக் கண்டு, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடவும் கூடும்.

எல்லாக் கிளைகளும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டினால் ஹீட்டரைச் சந்தேகிக்காமல் வோல்ட்டேஜை அளக்கவும். 230-க்குப் பதில் 200 வோல்ட்தான் வருகிறது என்றால், ஹீட்டர் தரும் சூடு கால் பங்கு குறைந்துபோகும். கோடையில் மாதக் கணக்கில் லோ வோல்ட்டேஜ் இருக்கும் இடங்களில் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஓம் அளவு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கிளையின் இரு முனைகளுக்கு இடையே அளந்தால் 450 வாட் கிளைக்குச் சுமார் 118 ஓம் காட்ட வேண்டும். அளவே இல்லாமல் போனால் அறுந்துவிட்டது. மிகக் குறைந்தால் எங்கோ கம்பியோடு கம்பி சேர்ந்திருக்கிறது. மூன்றாவது, மெகர் கருவி. கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே மின்தடை ஒரு மெகாஓமுக்கும் கீழே இறங்கிவிட்டால் உறைக்குள் ஈரம் போயிருக்கிறது. எர்த் லீக்கேஜ் பிரேக்கர் அடிக்கடி விழுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். விழுகிறதே என்று பிரேக்கரை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கும் "கைராசி" எலக்ட்ரீஷியன்கள் உண்டு. ஈரத் தரையும் இரும்பு ரேக்கும் உள்ள இடத்தில் அது ஆளைக் கொல்லும் வேலை. அனுமதிக்கவே கூடாது.

புதைந்த கம்பியில் பழுது எந்த இடத்தில் என்று தூரம் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகள் உண்டு. மின்சாரக் கேபிள் பழுது பார்ப்பவர்களிடம் கிடைக்கும். ஆனால் இடம் தெரிந்தும் என்ன பயன்? மேலே கான்கிரீட்டும் இன்சுலேஷனும் இருக்கின்றன. அங்கே தோண்டினால் ஈரம் தடுக்கும் தாள் கிழியும்; பழுதைவிடப் பரிகாரம் மோசமாகிவிடும். ஆகையால்தான் கட்டும்போதே ஹீட்டர் கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் பதிக்கச் சொல்கிறோம். குழாயின் வாய் அறைக்கு வெளியே இருந்தால், செத்த கம்பியை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக்கொள்ளலாம். குழாய் வேண்டாம் என்றால் ஒவ்வோர் இடத்திலும் இரட்டைக் கம்பி பதித்து, ஒன்றை உபரியாக விட்டு வைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் ஒற்றைக் கம்பியைக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரர், போகும்போது உங்கள் கிடங்கின் ஆயுளையும் சுருக்கிவிட்டுப் போகிறார்.

இன்னொரு பழுது எதிர்த்திசையில் வரும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் ஓயாமல் ஓடும். தரைக்கு ஆபத்தில்லை, ஆனால் அடியில் சூடு ஏற ஏற அறைக்குள்ளும் அதிக வெப்பம் ஏறும். ஹீட்டருக்கும் கட்டணம், அதை வெளியேற்றும் கம்ப்ரசருக்கும் கட்டணம் என்று இரட்டைச் செலவு. மின் கட்டணம் காரணமின்றிக் கூடினால் இதையும் பார்க்கவும்.

ஒரு சிக்கன யோசனை. மின்தடை நேரத்தில் தரை ஹீட்டரை ஜெனரேட்டரில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. மண் சில மணி நேரத்தில் உறைந்துவிடாது. மாதக் கணக்கில், சில இடங்களில் ஆண்டுக் கணக்கில் நடப்பது அது. உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருப்போர் உச்ச நேரக் கூடுதல் கட்டணம் உள்ள மணிகளில் ஹீட்டரை நிறுத்தி வைக்கலாம். இந்தப் பொறுமைதான் ஆபத்தும்கூட. ஹீட்டர் செத்த அன்று எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்தும் தெரியாமல் போகலாம்.

கிளைக்கால் குழாய், காற்றுக் குழாய்

பெரிய கிடங்குகளில் கம்ப்ரசர் வெளியே தள்ளும் சூட்டையே வாங்கி, கிளைக்கால் கலந்த நீரைச் சூடாக்கித் தரைக்கு அடியில் சுற்ற விடுகிறார்கள். வீணாகும் சூடு பயன்படுவதால் செலவு குறைவு. இங்கே பார்க்க வேண்டியவை பம்பு ஓடுகிறதா, அழுத்தம் நிலையாக இருக்கிறதா, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கிறதா என்பவை. வித்தியாசமே இல்லாமல் இரண்டும் சில்லென்று இருந்தால் சூடு வாங்கும் இடத்தில் கோளாறு. ஒரு கிளை மட்டும் சில்லென்று இருந்தால் காற்றடைப்பு, அல்லது வடிகட்டியில் கசடு. அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால் கசிவு. கொரியர் வழியில் ஒவ்வொரு கிளையாக மூடிப் பார்க்கவும். கசிந்த கிளையை நிரந்தரமாக மூடிவிட்டு, பக்கத்துக் கிளைகளில் ஓட்டத்தைக் கூட்டிச் சமாளிப்பதும் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை வற்புறுத்த வேண்டியது ஒன்று: உணவுப் பண்டம் இருக்கும் இடத்தில் எத்திலீன் கிளைக்கால் வேண்டாம். அது விஷம். விலை கூடினாலும் புரோப்பிலீன் கிளைக்காலே வாங்கவும்.

காற்றுக் குழாய் முறையில் ஹீட்டரே கிடையாது. நாலு முதல் ஆறு அங்குலக் குழாய்களைத் தரைக்கு அடியில் வரிசையாகப் பதித்து, இரு முனையையும் வெளியே திறந்து விடுவார்கள். வெளிக்காற்றே மண்ணைச் சூடாக வைத்திருக்கும். குளிர் நாடுகளில் அக்காற்றைச் சூடாக்கி அனுப்ப வேண்டும். நமக்கு மார்கழியிலும் காற்று போதுமான சூட்டில்தான் இருக்கிறது. நம் ஊருக்கு இதுவே மிகப் பொருத்தம் என்பது நமது அபிப்பிராயம்.

இதன் எதிரி தொழில்நுட்பமல்ல, நாமேதான். குழாய் வாயை மறைத்து மூட்டை அடுக்குவோம். வலை போடாமல் விட்டு எலிக்கு வீடு கொடுப்போம். பக்கத்து மனையில் மண் நிரப்பும்போது வாய் புதைந்துபோகும். நம் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த குழாய்க்குள் அது நீராகி வடியும். குழாயைச் சரிவாகப் பதிக்காவிட்டால் நீர் தேங்கி, குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். சோதிப்பது எளிது. ஒரு முனையில் ஊதுவத்தியைப் பிடித்து, புகை உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். மறு முனையிலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பார்த்துவிடுங்கள்.

தரை சொல்லும் அடையாளங்கள்

உறைதல் நடுவில்தான் தொடங்கும். ஓரங்களுக்கு வெளி மண்ணின் சூடு கிடைக்கும். எனவே அறையின் நடுவில் தரை மேடு தட்டும். விரிசல் அங்கிருந்து ஓரத்தை நோக்கி ஓடும். எதிரெதிர் ரேக்குகள் ஒன்றுக்கொன்று விலகிச் சாயும். தள்ளுவண்டி தானாக ஓரத்துக்கு உருளும். கதவின் அடிப்பகுதி தரையில் உரசும். ரேக்கு சாய்ந்தால் ரேக்கைக் குறை சொல்வதும், கதவு உரசினால் கீழே சீவிவிடுவதும் நம் வழக்கம். இரண்டும் ஒரே அறையில் நேர்ந்தால் ஆசாரியைக் கூப்பிடுமுன் தரைக்கு அடியிலுள்ள வெப்பத்தைப் பாருங்கள்.

மேடு தட்டினாலே பனிக்கட்டி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. களிமண் மழைக்காலத்தில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கும். உடைந்த சாக்கடைக் குழாயும் மண்ணை ஊற வைக்கும். புதைத்து வைத்த உணரி இங்கேதான் கை கொடுக்கும். அது நாலைந்து டிகிரி காட்டினால் அந்த இடத்தில் பனிக்கட்டி இல்லை. வேறு காரணம் தேடவும். பூஜ்யமோ அதற்குக் கீழோ காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என இரண்டு உணரி இருப்பது நலம். வாரம் ஒருமுறை இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு, ஐந்து, நாலு என்று வாரா வாரம் இறங்கினால் அப்போதே டாங் டெஸ்டரை எடுத்துவிடலாம்.

எழும்பிய தரையை இறக்குவது

தரை எழும்பிவிட்டது என்று உறுதியானால் முதலில் தோன்றும் யோசனை, சரக்கை எடுத்துவிட்டு மெஷினை நிறுத்தி உருக விடுவது. அப்படிச் செய்தால் இரண்டாவது சேதம் வரும். அடியிலுள்ள பனி ஒரேயடியாக உருகினால், உறிஞ்சி வைத்திருந்த நீரெல்லாம் சேறாகிவிடும். அந்தச் சேறு பாரம் தாங்காது. தூக்கிய தரை கோணல் மாணலாக அமிழ்ந்து உடையும்.

சரக்கை எடுத்துப் பாரத்தைக் குறைத்துவிட்டு, சூட்டை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுப்பதே முறை. ஹீட்டருக்கு உயிரிருந்தால் அதையே கொண்டு செய்யலாம். இல்லையென்றால் கட்டடத்தின் வெளியிலிருந்து தரைக்கு அடியில் படுக்கைவாட்டில் துளையிட்டு, ஹீட்டரோ வெதுவெதுப்பான காற்றோ செலுத்துவார்கள். உருகும் நீர் வடிய வழி செய்ய வேண்டும். வாரங்கள் ஆகும், கடுமையாக உறைந்திருந்தால் மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் அந்த அறையில் வியாபாரம் இல்லை; சரக்கை வேறு கிடங்கில் வாடகைக்கு வைக்க வேண்டும்; வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. முடிந்தபின் விரிசலை அடைத்து, மட்டம் சரிபார்த்து, இன்சுலேஷன் நனைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கட்டும்போது ஹீட்டர் குழாயில் மிச்சம் பிடித்த தொகை இதற்கு எந்த மூலைக்குப் போதும்?

வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

சொந்தமாகக் கட்டுபவரைவிட, பிறர் கட்டியதை வாடகைக்கு எடுப்பவருக்கே இதில் அபாயம் அதிகம். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸ் கொடுத்து, மூன்றாம் ஆண்டில் தரை எழும்பினால் அது யார் செலவு? "நீங்கள்தான் அதிகக் குளிர் வைத்தீர்கள்" என்பார் கட்டடக்காரர். "நீங்கள்தான் அடியில் ஒன்றும் போடவில்லை" என்பார் வியாபாரி. சாதாரணக் கிடங்காக இருந்ததைப் பஃப் தகடு நிறுத்திப் பிரீசர் அறையாக்கிய இடங்களில் இந்த வழக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். புளி, மிளகாய்க்கென்று கட்டிய குளிர்பதனக் கிடங்கை மைனஸ் 20-க்கு இறக்கி ஓட்டுவதும் இதே ரகம்தான்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் தரையின் குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள். இன்சுலேஷன் கனம், ஈரத்தடுப்புத் தாள், ஹீட்டர் அல்லது காற்றுக் குழாய், உணரி இருக்கும் இடம் இவை அதில் இருக்க வேண்டும். எத்தனை டிகிரி வரை குளிரூட்ட அந்தத் தரை ஏற்றது என்பதும், தரைக்கு அடியிலுள்ள பழுது யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இடம்பெறட்டும். ஹீட்டர் கிளைகளின் ஆம்பியர், ஓம், மெகர் அளவுகளை உங்கள் எலக்ட்ரீஷியனைக் கொண்டே எடுத்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் நாளில் ஒரு கொத்தனாரை அழைத்து, டியூப் மட்டம் வைத்து, அறையின் நடுவிலும் நாலு மூலையிலும் கதவடியிலும் தரை மட்டத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடங்களில் மறுபடி அளந்தால் கால் அங்குல மாற்றமும் தெரிந்துவிடும். முதல் நாள் எழுதிய தாளில் தேதியோடு கட்டடக்காரரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளவும்.